முதல் மணியில் எடுத்த போன்

பட்டாசுக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்ததாக அவளைப் பெற்றவளே சொன்னதில்லை. தொட்டிலில் கிடந்தபோதே முறைப்பாளாம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணை டீச்சர் அடித்தால் இவள் எழுந்து நின்று சண்டைக்குப் போவாள். அடி இவளுக்கும் சேர்த்து விழும். கல்யாணம் ஆன பிறகும் மாறவில்லை. கணவர் தையல்காரர், சாது. அவருக்கு ஒரு காது மந்தம். வீட்டில் இவள் குரல் ஏறத் தொடங்கியதும் அந்தக் காதை இவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மிஷினை ஓட்டுவார். இருபது வருஷமாக அந்தக் குடும்பம் பிரியாமல் இருப்பதற்கு அந்தக் காதுதான் காரணம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு வருமுன் மின்சார அலுவலகத்தில் புகார் கவுண்டரில் இருந்தாள். அங்கே புகார் கொடுக்க வந்தவரைவிட வாங்குகிற இவளுக்குக் கோபம் அதிகம். எட்டு நாளாக வீட்டில் கரண்ட் இல்லை என்று ஒருவர் அழமாட்டாக் குறையாகச் சொன்னதும், எழுந்து உள்ளே போய்ப் பொறியாளரின் அறை விளக்கை அணைத்துவிட்டு, "இப்ப தெரியுதா சார் எப்படி இருக்கும்னு?" என்று கேட்டாள். மறுநாள் அந்த வேலை இல்லை.

இப்படிப்பட்டவளைப் போய்க் குழந்தைகளிடம் பேசுகிற வேலைக்கு எடுத்தார்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் காதுக்கருவியை மாட்டிவிட்டால் அவள் வேறு ஆள். மறுமுனையில் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சினால் போதும், "சொல்லு கண்ணு, அவசரமே இல்ல" என்பாள். கூடவே இருந்து வளர்த்தவள் மாதிரி இருக்கும். பிள்ளை போனை வைத்ததும் மேஜையை ஓங்கித் தட்டி, அந்தப் பிள்ளையை அடித்த பெரியவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். "போன்ல தேன், வச்சுட்டா தேள்" என்று கண்ணாடிக்காரர் சொல்வார். அவர் அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் கண்ணாடி இல்லாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி. அதுதான் அலுவலகம். பஞ்சு பிய்ந்த காதுக்கருவிகள், கிறீச்சிடும் நாற்காலிகள், கீழிருந்து நாள் முழுக்க டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம். போன் எடுக்க நான்கே பேர். கூப்பிடும் பிள்ளைகளோ ஏராளம். அதனால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது ஒரு சங்கீதம் ஓடும். பல் ஆஸ்பத்திரியில் போடுவார்களே, அது மாதிரி ஒன்று.

காலில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த ஒரு பெண், பதினான்கு வயதிருக்கும், ஒரு மதியம் கூப்பிட்டுப் பட்டாசிடம் முதல் வார்த்தையாகச் சொன்னது இதுதான்: "அக்கா, உங்க பாட்டு கேவலமா இருக்கு."

"அப்படியா? நல்லதா நீ ஒண்ணு போட்டுக் குடேன் பார்க்கலாம்."

பட்டாசு விளையாட்டாகச் சொன்னாள். அந்தப் பெண் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே கூப்பிட்டுப் பாடினாள்.

"காத்திரு காத்திருன்னு சொல்லுது போனு
காலுல கட்டோட காத்திருக்கேன் நானு
ஓடத்தான் முடியாது ஒத்தக்காலு ஆளு
போனை எடு அக்கா, போயிடுச்சு நாளு!
யாரு அங்கே? நான்தான்!
இன்னும் யாரு? நான்தான்!"

பல் ஆஸ்பத்திரி சங்கீதத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். அடுத்த வாரமே ஒரு பையன், "நானும் ரெண்டு வரி வச்சிருக்கேன், சேர்ப்பீங்களா?" என்றான்.

"கணக்கு டீச்சர் கேட்டாங்க, கையத் தூக்கச் சொன்னாங்க
தெரியலைன்னு சொன்னதுக்குத் தலையில் ரெண்டு தந்தாங்க."

பிறகு ஒருத்தி, குரலே எழும்பாமல், ஏதோ ரகசியம் சொல்வதைப் போல:

"அம்மா அப்பா சண்டையில ஆளுக்கொரு பக்கம்
தூங்கிட்டேன்னு சொன்னேனே, பொய்யி பொய்யி தூக்கம்."

இப்படித்தான் அந்தப் பாட்டு வளர்ந்தது. ஒரு பிள்ளை போட்ட வரியைக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளை கேட்கும். கேட்டுவிட்டுத் தன் வரியைப் போடும். ஊர் பெயர், ஆள் பெயர் வரக் கூடாது. பாட்டு கட்டியவர் குரலும் வெளியே போகக் கூடாது, வீட்டில் யாராவது கேட்டு அடையாளம் கண்டால் வம்பு. அதனால் ஒரு பிள்ளையின் வரியை இன்னொரு பிள்ளைதான் பாட வேண்டும். முன்பு கூப்பிட்டுப் பேசியவர்கள், இப்போது கொஞ்சம் தலையெடுத்த பிள்ளைகள், சனிக்கிழமை தோறும் பின்னறையில் கூடிப் பாடிப் பதிவு செய்வார்கள். கட்டுப் பிரித்த பிறகும் மாவுக்கட்டு என்ற பெயர் போகாத அந்தப் பெண்தான் அவர்களுக்குத் தலைவி. என் வரி இன்னொருத்தர் வாயில். அதுதான் அவர்கள் வழக்கம். அதை யாரும் மீறியதில்லை.

கூப்பிடுகிறவர்களில் ஒருத்தி பேசவே மாட்டாள். மதிய நேரத்தில் வருவாள். காத்திருந்து, பாட்டு முழுவதையும் கேட்பாள். இவர்கள் எடுத்ததும் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். மற்றவர்கள் விளையாட்டு அழைப்பு என்று வைத்துவிடுவார்கள். பட்டாசு வைக்க மாட்டாள். அவளுக்கு மூச்சு என்றே பெயர் வைத்திருந்தாள்.

"பேச வேண்டாம் கண்ணு. நான் இருக்கேன். பாட்டு பிடிச்சிருந்தா ஒரு தட்டு தட்டு."

ஒரு தட்டு கேட்கும். சில வாரம் கழித்து மெல்ல முனகினாள். பிறகு ஒருநாள், பட்டாசு "யாரு அங்கே?" என்று பாட்டாகவே இழுத்தபோது, மறுமுனையிலிருந்து "நான்தான்" என்று வந்தது. பட்டாசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் முறைத்தும் கொண்டாள்.

அதற்கடுத்த முறை மூச்சு முழுதாக ஒரு வாக்கியம் பேசினாள். "அக்கா, நானும் ரெண்டு வரி..." அவ்வளவுதான். பின்னால் ஏதோ பூட்டு திறக்கும் சத்தம். போன் வைக்கப்பட்டது.

அந்தப் பூட்டுச் சத்தம் பட்டாசின் காதைவிட்டுப் போகவில்லை. அடுத்த முறை அவள் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் ஏதாவது செய்யலாம் என்று காத்திருந்தாள்.

அடுத்த முறை வருவதற்குள் நிர்வாகம் திருந்தித் தொலைந்தது.

மேலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று அவருக்கு உண்மையிலேயே உறுத்தியது. ஓடியாடிப் புரவலர்களைப் பிடித்து, புதிதாக ஆறு பேரை வேலைக்கு எடுத்து, புது இயந்திரமும் வாங்கி வைத்தார். இனி எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடலாம். தொடக்க நாளில் சுவரில் துணி கட்டி, "காத்திருப்பு இனி இல்லை" என்று எழுதி ஒட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பட்டாசும்தான் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

காத்திருப்பு இல்லையென்றால் பாட்டு எங்கே ஓடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை மூளை இருந்த அறையில் ஒரு மூளைக்குக்கூட!

பட்டாசுக்கு அது உறைத்தது சனிக்கிழமை, மாவுக்கட்டு வந்து கேட்டபோது.

"அக்கா, புது வரி சேர்த்தோமே, யாருமே அதைப் பத்திப் பேசல. கேக்குதா இல்லையா?"

"கேக்காம என்ன..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றாள். பிறகு கண்ணாடிக்காரரிடம் ஓடினாள். "மதியத்துல வருமே, பேசாத பொண்ணு. அந்த நம்பர் வந்துச்சா, பாருங்க."

வந்திருந்தது. பல முறை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, மலர்ந்த குரலில், "வணக்கம்! உங்கள் பெயர்? வயது? எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டில் நனைந்து, தைரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாய் திறக்கிற பிள்ளை அவள். கதவைத் தட்டக் கை தூக்குமுன் போலீஸ்காரர் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு முறையும் வைத்துவிட்டாள். புது இயந்திரம் புத்திசாலி. பேச்சே இல்லாத அழைப்பு ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், விளையாட்டு என்று முடிவு கட்டி அந்த எண்ணைத் தானாகவே தடுத்துவிடும். தடுத்தும் விட்டது. இப்போது அவள் கூப்பிட்டால், "இந்த எண்ணுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு குரல் சொல்லும்.

"குழந்தைங்க உதவி எண்ணு, குழந்தையைப் பார்த்து அனுமதி இல்லைங்குதா?" பட்டாசின் குரல் கீழே சைக்கிள் கடைவரை கேட்டது. காற்றடிக்கிறவர் பம்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

மேலாளர் அறைக் கதவை அவள் தட்டவில்லை. திறந்தாள்.

"சார், நீங்க வாங்கி வச்ச மிஷின் ஒரு பொண்ணை வெளியில தள்ளிப் பூட்டியிருக்கு."

அவர் நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் ஒண்ணு கேக்கறேன்மா. வீட்டுல அடி வாங்கிட்டு ஓடி வந்து ஒரு பையன் கூப்பிடறான். அவனைப் போய்ப் பாட்டு கேட்டுட்டு இருன்னு சொல்லணுமா?" என்றார்.

நியாயமான கேள்வி. அது நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. பதில் இல்லாதபோது அவளுக்குக் கோபம் இரண்டு பங்காகும்.

"எல்லாருக்கும் போட வேணாம். வேணுங்கற பிள்ளைக்குப் போடலாமே. ரெண்டாம் நம்பரை அழுத்தினா பாட்டு, அப்புறம் பேச்சு."

"நல்ல யோசனை. அடுத்த மாசம் குழு கூடும், வைக்கிறேன்."

"அடுத்த மாசமா? உங்க பொண்ணு உள்ள மாட்டியிருந்தா குழு கூடட்டும்னு உட்கார்ந்திருப்பீங்களா?"

"வரம்பு மீறிப் பேசாதீங்க. தடையை எடுக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு."

இவர்களாகத் திருப்பிக் கூப்பிடவும் கூடாது. அது பழைய விதி, நல்ல விதி. போன் அந்த நேரத்தில் யார் கையில் இருக்குமோ. தெரியக் கூடாதவருக்குத் தெரிந்தால் அடி விழுவது பிள்ளைக்கு. ஆக, அவளாகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாலோ நுழைய முடியாது.

பட்டாசு நேரே கண்ணாடிக்காரரிடம் போனாள். "ஒரே ஒரு நம்பர். தடையை எடுங்க. அது வந்தா முதல்ல பாட்டு ஓடணும், கூடவே என் மேஜையிலும் கேக்கணும். முடியுமா முடியாதா?"

"முடியும். மேலாளர் கையெழுத்து இல்லாம செஞ்சா என் வேலை போயிடும்."

"யாரு செஞ்சான்னு கேட்டா என்னைக் கைகாட்டுங்க. நான் மிரட்டினேன், கழுத்தைப் பிடிச்சேன்னு சொல்லுங்க. வேணும்னா நிஜமாவே பிடிக்கறேன்."

 கண்ணாடிக்காரர் நாற்காலியை இயந்திரத்தின் பக்கம் திருப்பினார்.

மாவுக்கட்டும் மற்றவர்களும் பின்னறையில் கூடிப் பேசினார்கள். மூச்சின் கதையை விவரமாகச் சொல்லக் கூடாது. 'ரெண்டு வரி வச்சிருந்த ஒருத்திக்கு வழி அடைஞ்சுபோச்சு' என்று மட்டும் பட்டாசு சொன்னாள். அவர்களுக்கு அது போதும். பாட்டின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தார்கள்.

"சொல்ல வந்து நின்னவளே, சொல்லாமப் போயிட்ட
உன் இடத்தை வச்சிருக்கோம், ஒருத்தரும் தொடல."

அதற்குப் பின் இரண்டு வரிக்குச் சொல் இல்லாமல் கைத்தட்டு மட்டும். பந்தியில் வராதவருக்கு இலை போட்டு வைக்கிற மாதிரி.

போன் வரவில்லை. வாரம் போனது. பட்டாசு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. டப்பாவை மேஜையிலேயே திறந்து, ஒரு காதில் கருவியோடு சாப்பிட்டாள். வீட்டில் கணவர் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டே, "இப்பல்லாம் சத்தமே காணோமே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். அவள் சத்தம் போடாமல் இருந்தது அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. "அவ இனிமே கூப்பிட மாட்டாளோன்னு பயமா இருக்கு" என்றாள். அவர் நல்ல காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு மதியம் அவள் மேஜை விளக்கு எரிந்தது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பட்டாசு பேசவில்லை, கேட்டாள். மூச்சுச் சத்தம். கணக்கு டீச்சர் வந்து போனார். பொய்த் தூக்கம் வந்து போனது. 'உன் இடத்தை வச்சிருக்கோம்' என்ற வரி வந்தபோது மூச்சு நின்றுவிட்டதோ என்று இருந்தது. கைத்தட்டு தொடங்கியது. அந்தக் கைத்தட்டுக்குள் ஒரு குரல், நடுங்கிக்கொண்டு, ஆனால் தாளம் தப்பாமல் வந்தது.

"பூட்டு வெளியே தொங்குது, சாவி அவங்க பையிலே
ஜன்னலுக்குக் கம்பியிருக்கு, போனு மட்டும் கையிலே."

பட்டாசு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குரலில் தேன் மாறவில்லை. "நல்லாப் பாடுன கண்ணு. யாரு பூட்டிட்டுப் போறாங்க?"

"சித்தி. வேலைக்குப் போறப்ப. பள்ளிக்கூடம் சேக்கறேன்னுதான் அப்பாகிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. பாத்திரம், துணி, பாப்பா எல்லாம் நான்தான். வேலை முடிச்சேனான்னு கேக்கத்தான் இந்த போனு."

"வீடு எங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. வெளியில விட மாட்டாங்க."

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"ஒரு டயர் கடை. ஷட்டர்ல நம்பர் எழுதியிருக்கு."

"படி கண்ணு. ஒவ்வொண்ணா, நிதானமா."

அவள் படித்தாள். இவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பக்கத்து மேஜைப் புதுப்பெண், வணக்கம்-பெயர்-வயது கேட்கிறவள், சொல்லாமலே புரிந்துகொண்டு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். டயர் கடைக்காரர் எடுத்தார். தெருப் பெயரைச் சொல்லிவிட்டு, "எதிர் வீடா? அங்க பகல்ல யாரும் இல்லீங்களே. எப்பவும் பூட்டித்தானே கிடக்கு" என்றார்.

எப்பவும் பூட்டித்தானே கிடக்கு! ஒரு தெருவே அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு டயர் மாற்றியிருக்கிறது, பேப்பர் படித்திருக்கிறது, வெயிலைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறது. உள்ளே ஒரு பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதைக் கேட்டபோது பட்டாசுக்கு வந்தது கோபம் என்று சொன்னால் அந்தச் சொல் போதாது. ஆனால் மூச்சு லைனில் இருந்தாள். அதனால் அவள் பாட்டின் அடுத்த அடியை மெல்ல எடுத்தாள். "யாரு அங்கே?" "நான்தான்." "இன்னும் யாரு?" "நான்தான்." புதுப்பெண் தகவல் சொல்லி வரவழைத்த குழந்தைகள் நல அதிகாரிகள் பூட்டை உடைக்கும் சத்தம் கேட்கிறவரை இருவரும் அதையே மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் மேலாளருக்கு நன்றாக இருந்திருக்கும். ஆண்டு விழா வந்தது. புரவலர்கள் வருகிறார்கள், பாட்டை மேடையில் போட வேண்டும், பூட்டு வரியும் வேண்டும் என்றார். அனுமதி இல்லாமல் இயந்திரத்தில் கை வைத்ததற்குப் பட்டாசிடம் விளக்கம் கேட்டிருந்ததை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

"அது அவ வரி. அவளைக் கேக்கணும்" என்றாள் பட்டாசு.

விடுதியில் இருந்த மூச்சைப் பார்க்கப் போனாள். முதல் தடவையாக நேரில். எலும்பும் தோலுமாக ஒரு பெண், சீருடை பெரிதாக இருந்தது. பட்டாசு உள்ளூர ஒரு சிரிப்பை, ஒரு நன்றியை எதிர்பார்த்திருந்தாள். அவளும் மனுஷிதானே.

"நீங்கதான் அந்த அக்காவா?" என்றாள் அந்தப் பெண். "ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுத்தீங்க?"

பட்டாசு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பாட்டு கேட்டாத்தான் எனக்குப் பேச்சே வரும். யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? அனுமதி இல்லைன்னு சொல்லுச்சு. எங்க சித்திதான் உங்ககிட்டச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். நீங்களும் அவங்க ஆளுன்னு நினைச்சேன்! வேற யாரும் இல்லாமத்தான் மறுபடி போட்டுப் பார்த்தேன்!" குரல் ஏறிக்கொண்டே போனது. விடுதிக்காரம்மா எட்டிப் பார்த்தார். பட்டாசு கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"திட்டு கண்ணு. இன்னும் இருந்தா அதையும் திட்டு. நான் இருக்கேன்."

திட்டி முடித்தபோது அந்தப் பெண்ணிடம் இரண்டு புது வரி இருந்தது. பூட்டு வரி மேடைக்குப் போகலாம், ஆனால் இதுவும் கூடப் போக வேண்டும் என்றாள்.

"பேரு வயசு ஊருன்னு பேசவிடாமக் கேட்டீங்க
பாடிட்டுத்தான் பேசவந்தேன், பாட்டைத் தூக்கிப் போட்டீங்க."

அதைக் கேட்டதும் மேலாளரின் முகம் சுண்டியது. "இது நம்மளையே திட்டற மாதிரி இருக்கே. புரவலர் முன்னாடி எப்படிம்மா?"

"மாதிரி எல்லாம் இல்ல சார். திட்டேதான்."

"பூட்டு வரி மட்டும் போதுமே."

பின்னறையிலிருந்து மாவுக்கட்டு வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சனிக்கிழமைப் பிள்ளைகள் எல்லாரும். "ரெண்டும் போகணும் சார். இல்லேன்னா ஒண்ணும் போகாது. நாங்க பாட மாட்டோம்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். சுவரில் "காத்திருப்பு இனி இல்லை" என்ற துணி ஒரு முனை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். "சரி. ரெண்டும் போகட்டும். யாராவது பாடுங்க."

"யாராவது இல்ல" என்றாள் பட்டாசு. "என் வரி இன்னொருத்தர் வாயில, அதான் இங்க வழக்கம். யார் வாயில்னு அவளே சொல்லி அனுப்பியிருக்கா. பாட்டை நிறுத்தினவரு பாடணுமாம்."

சாய்ந்திருந்த மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 

"நானா? எனக்குப் பாட வராதும்மா."

"எனக்கும்தான் வராது. துணி கட்டுன அன்னிக்கு நானும் கை தட்டுனேனே சார், அதைச் சொன்னதும் அப்ப நீங்களும்னுட்டா. முதல் வரி உங்களுக்கு, ரெண்டாவது எனக்கு."

கண்ணாடிக்காரர் பதிவுக்கருவியைக் கொண்டுவந்து மேலாளரின் மேஜைமேல் வைத்தார். மாவுக்கட்டு தாளத்துக்குத் தொடையில் தட்டினாள். மேலாளர் தொண்டையைக் கனைத்தார். முதல் தடவை குரல் உள்ளேயே போயிற்று. இரண்டாம் தடவை, அறிக்கை வாசிக்கிற மாதிரி, மரியாதையாகப் பாடி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"போதுமா?"

"போதாது சார்," என்றாள் பட்டாசு. "அவ இதைக் கோபமாச் சொன்னா. கோபமாப் பாடுங்க."